தலைப்பாகை தொடுத்த மானநஷ்ட வழக்கு

ரொம்ப காலத்துக்கு முந்தி கருவேலி நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் அகளங்கராயன். நல்ல ராஜாதான், ஆனால் மனசு ஒரு நிலையில் நிற்காது. காலையில் ஒருத்தனுக்கு யானையைத் தானம் கொடுப்பான், சாயங்காலம் "என் யானை எங்கேடா?" என்று அவனையே உதைப்பான்.

அந்தத் தலைநகரில் சடையன் என்று ஒருத்தன். நாற்சந்தியில் தம்பட்டம் அடித்து ஊர்ச் சேதி சொல்வது அவன் பிழைப்பு. அடேயப்பா, வாயா அது! கோயில் எண்ணெய் யார் வீட்டு விளக்கில் எரிகிறது, எந்தத் தளபதி போருக்குப் போகாமல் மாமியார் வீட்டில் பதுங்கியிருந்தான், ஒன்றையும் விடமாட்டான். சில சமயம் இரண்டை நாலாக்கியும் சொல்வான், அதை நான் எதற்கு மறைக்கணும்? பாதி ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மீதி ஊர் அவன் நாக்கு அழுகணும் என்று நேர்ந்துகொண்டது.

ஒரு பஞ்ச காலத்தில் அவன் தம்பட்டத்தைத் தட்டிச் சொன்னான்: "கேளுங்க மகாஜனங்களே! அரண்மனைக் கஞ்சித்தொட்டிக்குப் போகிறவங்க கையோடு வலை கொண்டு போங்க. அரிசி பிடிக்கணும்!"

ஊரே சிரித்தது. கஞ்சித்தொட்டி அதிகாரி பிரதாபராயர் மட்டும் சபைக்கு ஓடிவந்து, "பிரபு, என் மானம் போச்சு!" என்று தூணில் முட்டிக்கொண்டார். அன்றைக்கு ராஜாவுக்குப் பல்வலி வேறு. "வழக்கு நடக்கட்டும். தோற்றால் அந்த வாயாடி நாட்டைவிட்டே போகணும்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பிராது கொடுத்த பெரிய மனிதர் நேரில் வர வேண்டியதில்லை. தட்டில் தலைப்பாகையை வைத்து அனுப்பினால் போதும், ஆளே வந்ததாக அர்த்தம். பிராதுக்கு ஆளானவன் மட்டும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கால்கடுக்க நிற்கணும். ராயருக்கு ஜலதோஷம், வாய்தா. ராயர் வீட்டில் காதுகுத்து, வாய்தா. தலைப்பாகை சலவைக்குப் போயிருக்கிறது என்றுகூட ஒரு வாய்தா! இப்படியே ஏழு வருஷம் போனது.

வாய்தாவுக்கு வாய்தா சபைக் குமாஸ்தா கேட்பார்: "கஞ்சியில் தண்ணீர் ஊற்றினதை நீ பார்த்தாயா? எந்தக் கிழமை? எத்தனை குடம்? சாட்சி யார்?" சடையன் முதலில் சவடாலாகப் பதில் சொன்னான். அப்புறம் யோசித்துச் சொன்னான். கடைசியில் எச்சில் விழுங்கினான். தோள்மேல் கைபோட்டுத் திரிந்த சிநேகிதர்கள் அவனைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். ராயரோடு யார் மல்லுக்கட்டுவது என்று, சடையன் மகளுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையைத் திருப்பி அனுப்பினார்கள். பாவி மனுஷன், என்ன பாடுபட்டான்!

சடையன் மனைவி வெள்ளையம்மா மந்திரி பூவராகரிடம் போய் அழுதாள். "வழக்கில ஜெயிக்கணும்னு கேட்க வரலீங்க சாமி. அவர் பேசணும். குழம்பில உப்பு இல்லேன்னாகூட வாயைத் திறக்கிறதில்லை. ஊரையே சிரிக்கவச்ச மனுஷன். எனக்கு அந்த மனுஷனைத் திருப்பிக் கொடுங்க."

பூவராகர், "நாளைக்கே பார்க்கிறேன் தாயே" என்றார்.

மறுநாள் வாய்தா. அன்றைக்கு ராஜாவும் சபையில் இருந்தான். தட்டில் பட்டுத் தலைப்பாகை ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. பூவராகர் அதன் முன்னால் போய்க் கைகூப்பினார். "ராயர் அவர்களே, சௌக்கியமா? கஞ்சியில் தண்ணீர் கலந்தீர்களா?"

சபை விழித்தது. ராஜாவுக்குக் குஷி. "என்னய்யா இது, துணியோடு பேசுகிறீர்?"

"துணியா? ஏழு வருஷமாக நம் சபை இதைத்தானே ராயர் என்கிறது, பிரபு?" மந்திரி மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். தலைப்பாகை கம்மென்று இருந்தது. "மூன்று தடவை கேட்டும் பதில் சொல்லாதவர் ஒப்புக்கொண்டதாகத்தான் நம் சட்டம். எழுதிக்கொள்ளும் குமாஸ்தா!"

சேதி போன வேகத்தில் பிரதாபராயர் வெறுந்தலையோடு ஓடிவந்தார். "அநியாயம்! அது நானில்லை, வெறும் துணி!"

"அப்படியா? அது நீங்கள் என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று. நீங்கள் இல்லை என்றால், ஏழு வருஷம் ஒரு துணியை அனுப்பி ராஜாவையே ஏமாற்றியிருக்கிறீர்கள். எது வேண்டும், சொல்லுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ராயரின் பதவியைப் பிடுங்கி, வழக்கைத் தள்ளி, மந்திரி கையில் பொற்கடகம் போட்டான். "சடையா! போ, உன் ஜெயத்தை நீயே நாற்சந்தியில் சொல்லு. நானும் வருகிறேன்!"

ஊரே கூடிவிட்டது. பழைய சடையனைக் கேட்கணும் என்று கூரைமேல்கூட ஏறி நின்றார்கள். சடையன் தம்பட்டத்தை ஒரு தட்டு தட்டினான். வாயைத் திறந்தான். மூடினான். கூட்டத்தில் குமாஸ்தா எங்கேயாவது நிற்கிறாரா என்று தேடினான்.

"கேளுங்க மகாஜனங்களே... இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை..." சட்டென்று நிறுத்தினான். "...என்று சிலபேர் சொல்லிக்கிறாங்க. நான் பார்க்கலை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சபாஷ்! நாக்கு இன்னும் மழுங்கவில்லை!" என்று ராஜா முத்துமாலையைக் கழற்றி எறிந்தான். அது சடையன் காலடியில் கிடந்தது. அவன் குனியவில்லை. சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினான். மந்திரி தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளையம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவன் கையிலிருந்த தம்பட்டக் குச்சியை வாங்கினாள். "போதும், வாங்க வீட்டுக்கு" என்றாள்.

அப்புறம் எல்லாரும் சுகமாக வாழ்ந்தார்கள் என்று முடித்துவிட எனக்கும் ஆசைதான். கஞ்சித்தொட்டிக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். அவரும் தண்ணீர் ஊற்றினார். வாங்கிக் குடித்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.