வெள்ளைக் கம்பு நட்ட அரண்மனை

கடற்காற்று எந்தத் திசையிலிருந்தும் எட்டிப் பார்க்காத ஒரு பாலை நாட்டை முன்னொரு காலத்தில் வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் ஓர் ஆசை. பக்கத்து நாட்டு ராஜா தன் நாட்டைப் பட்டுத் துணியில் வரைந்து மாட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என் நாட்டில் எத்தனை கோட்டம், கோட்டத்துக்கு எத்தனை ஊர், எல்லாம் ஒரே மாதத்தில் பட்டில் வந்தாக வேண்டும்!" என்று கத்தினான்.

வேலை நில அளவைத் தலைவன் சூரதத்தன் கைக்குப் போனது. அமைச்சர் சாத்தையனைக் கண்டாலே வயிறெரிகிற ஆள் அவன். அமைச்சரைக் கலந்துகொள்ளாமலே ஒரு சட்டம் எழுதி ராஜாவிடம் முத்திரையும் வாங்கிவிட்டான். அளவைக்காரர்கள் ஓரிடத்துக்குப் போய் மூன்று முறை பறை அடிப்பார்கள். அந்த இடத்தின் தலைவர் நேரில் வந்து "இருக்கிறேன்" என்றால் அது ஊர். வராவிட்டால் அது வெற்றிடம். அங்கே ஒரு வெள்ளைக் கம்பு நடப்படும். முதலில் வந்து கேட்கிறவருக்கு அந்த இடமும் கிணறும் சொந்தம்.

பாலையில் பிறந்தவன் எழுதுகிற சட்டமா இது? கோடை வந்தால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் புல்லுக்குப் போவதும், கோடை கழிந்ததும் தங்கள் கிணற்றுக்குத் திரும்புவதும் அந்த நாட்டு வழக்கம். சூரதத்தனுக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நடுக்கோடையில் பறையை அனுப்பினான், பாவி! அவனுடைய இருநூறு ஒட்டகங்களுக்கு ஒரு நல்ல கிணறு தேவைப்பட்டது.

ஆழக்கிணறு என்ற ஊரின் தலைவி ஒச்சாயி நாலைந்து ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு ஐந்து நாள் நடந்து அரசவைக்கு வந்து சேர்ந்தாள். காலெல்லாம் வெடிப்பு. கண்ணெல்லாம் கோபம்.

"ராசா, எங்க கிணத்துல வெள்ளைக் கம்பு நிக்குது. அதை இந்த அளவைத் தலைவரே முதல்ல கேட்டு வாங்கிட்டாரு. இன்னும் பத்து நாள்ல அறுபது குடியும் ஆட்டோட திரும்புது. சுத்துவட்டாரத்துல வேற தண்ணி கிடையாது. அந்தக் கிணறு இல்லேன்னா ஆடும் சாகும், நாங்களும் சாவோம்."

"ஆழக்கிணறா? அப்படி ஓர் ஊரே பட்டில் இல்லையே!" என்று சிரித்தான் சூரதத்தன்.

"எங்க தாத்தனுக்குத் தாத்தன் வெட்டின கிணறு, சாமி! காவலுக்கு வயசானவங்க நாலு பேர் இருந்தாங்க. இருக்கோம், இருக்கோம்னு தொண்டை கிழியக் கத்தியிருக்காங்க."

"அவர்கள் தலைவர்களா?"

"இல்ல. தலைவி நான்தான். மேய்ச்சலுக்குப் போயிருந்தேன்."

"தலைவி இல்லை, ஆகவே ஊர் இல்லை. சட்டம் சட்டம்தான், மன்னர் மன்னா!"

"வெளியே போனவ திரும்பி வரமாட்டாளா?" என்று கேட்டாள் ஒச்சாயி. பட்டின் அழகில் சொக்கிக் கிடந்த ராஜாவோ சூரதத்தன் சொன்னதற்கே தலையாட்டினான்.

அமைச்சர் சாத்தையன் மெல்ல எழுந்தார். "அரசே, ஒரே ஒரு சந்தேகம். இந்தச் சட்டம் நாடு முழுவதற்குமா?"

"முழுவதற்கும்தான்!"

"தலைநகருக்கும்?"

"என் அரண்மனைக்கும் சேர்த்துத்தான். என் ஆட்சியில் ஆளுக்கொரு நியாயம் கிடையாது!" என்று மார்தட்டினான் ராஜா. மறுநாளே பருந்து வேட்டைக்குக் கிளம்பினான். சூரதத்தனும் ஒட்டிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் தாகத்தோடு திரும்பிய ராஜா அரண்மனை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். கொலுமண்டபத்தில் ஆடுகள்! ஒரு கிடா ரத்தினக் கம்பளத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தது. சிம்மாசனத்துக்கு முன்னால் வெள்ளைக் கம்பு. பக்கத்தில் ஒச்சாயி. சற்றுத் தள்ளி அமைச்சரும் அவையோரும்.

"யாரய்யா நீங்க? என்ன வேணும்?" என்றாள்.

"நான் ராஜா! இது என் அரண்மனை! முதலில் தண்ணீர் கொண்டு வா!"

"நீங்க போன அன்னைக்கே பறை அடிச்சாச்சு. காவக்காரங்க இருக்கோம்னு கத்தினாங்க. நீங்கல்லாம் ராசாவான்னு கேட்டோம், இல்லேன்னாங்க. ராசா வரல. கம்பை நட்டாச்சு. முதல்ல கேட்டது நான். கிணத்தையும் சேர்த்துத்தான்."

ராஜா அமைச்சரைப் பார்த்தான்.

"தங்கள் முத்திரை போட்ட சட்டம், அரசே. அளவைக்காரர்கள் ஓர் எழுத்துக்கூட மீறவில்லை" என்றார் சாத்தையன்.

சூரதத்தன் பாய்ந்து வந்தான். "ஏ பெண்ணே, உனக்கென்ன பைத்தியமா? வீட்டுக்காரர் மூன்று நாள் வெளியே போய்வந்தால் வீடு அவருடையது இல்லை என்று ஆகிவிடுமா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அவை முழுவதும் அவனைப் பார்த்தது.

"இதைத்தானே நானும் அன்னைக்குக் கேட்டேன்" என்றாள் ஒச்சாயி. "உங்களுக்கு ஒரு பொழுது தாகம், ராசா. எங்களுக்கு உசிரு."

ராஜா வறண்ட நாக்கால் உதட்டைத் தடவினான். தன் கையாலேயே கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். "என் முத்திரையால் நடந்த அநியாயம் இது, தாயே. உன் கிணறு உன்னுடையதுதான். நட்ட கம்பு அத்தனையையும் நாளைக்கே பிடுங்கச் சொல்கிறேன்." அமைச்சருக்குத் தன் முத்து மாலையைக் கழற்றிப் போட்டான். ஒச்சாயிக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.

"பட்டுல எங்க ஊரை எழுதுங்க, போதும்" என்றாள்.

பிறகு ராஜா சூரதத்தன் பக்கம் திரும்பினான். "கோடையில் அங்கே ஆள் இல்லை என்றுதானே கவலைப்பட்டாய்? இனி ஏழு கோடைக்கும் ஆழக்கிணற்றில் நீ இரு. வயதானவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடு."

மறுகோடையில் பட்டைச் சரிபார்க்க அளவைக்காரர்கள் ஆழக்கிணற்றுக்குப் போய்ப் பறை அடித்தார்கள். முதல் அடிக்கே வாளியைப் போட்டுவிட்டு, வெயிலில் கறுத்த ஓர் ஆள் ஓடிவந்தான்.

"நீதான் இந்த ஊர்த் தலைவனா?" என்று கேட்டார்கள்.

"இல்லை!" என்று அலறினான் சூரதத்தன். "தலைவி மேய்ச்சலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவாள். ஊர் இருக்கிறதய்யா, இருக்கிறது! எழுதிக்கொள்ளுங்கள்!"