கறுப்புக் கட்டம்

“ஒரு நாய்கூட நன்றி சொல்லலை டீச்சர்! ரெண்டு வருஷமா சனிக்கிழமையானா அறையைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வீட்டுல மாவு புளிச்சாலும் சரி, மனுஷன் புளிச்சாலும் சரி. ஒரு நாய்கூட!”

அமிர்தவல்லி மறுபடியும் சொன்னாள், ஓர் எழுத்து மாறாமல்.

திரையில் ஹெப்சிபா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் உதடு அசையவில்லை.

“மியூட்டை எடுத்துட்டுப் பேசுங்க டீச்சர்.”

“எடுத்துத்தான் இருக்கு அக்கா. நான்தான் பேசலை.”

அமிர்தவல்லி இருப்பது மதுரையில். ஹெப்சிபா சாயர்புரத்துப் பெண். வாழ்க்கைப்பட்டது வேல்ஸ் நாட்டில், மனிதரைவிட ஆடுகள் அதிகமாய்த் திரியும் ஒரு மலையோரம். அந்த ஊர் மொழியை அவள்தான் அமிர்தவல்லிக்குக் கற்றுக்கொடுத்தாள். வயதில் இளையவள்தான். இருந்தாலும் கற்றுக்கொடுத்தவள் டீச்சர்.

அமிர்தவல்லிக்கு அந்த மொழி எதற்கு? பேத்திக்கு. மருமகள் அந்த ஊர்க்காரி. குழந்தை அந்த மொழியில்தான் சிரிக்கும், அந்த மொழியில்தான் அடம் பிடிக்கும். அடம் பிடிப்பது புரியாத பாட்டி என்ன பாட்டி?

கற்க வந்த பிறகுதான் தெரிந்தது, அதைக் கற்கும் ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று. ஒருவர் ஜன்னலில் பனி கொட்டும். இன்னொருவர் ஜன்னலில் அப்போதுதான் விடியும். எல்லோரும் திரைக்குள் ஓர் அறையில் கூடி, தூக்கத்தில் நடப்பவர்கள்போல ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் பேசுவார்கள். அறையைத் திறந்து காத்திருப்பவருக்குச் சம்பளம் கிடையாது. உள்ளே வேறு மொழி கிடையாது. மூடும்போது மட்டும், வந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி விடை கொடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அப்படி ஓர் அறையைத்தான் அமிர்தவல்லியும் சனிக்கிழமைதோறும் திறந்து வைத்தாள்.

“இந்தச் சனிக்கிழமையோட முழுக்கு,” என்றாள் அமிர்தவல்லி. “வர்றவங்ககிட்ட சொல்லிட்டு மூடிடுவேன்.”

“யார் யார் வர்றாங்க?”

“வரும், போகும். ஒண்ணு மட்டும் தவறாம வரும். முகம் இல்லை, குரல் இல்லை. திரையில வெறும் கறுப்புக் கட்டம். நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருப்பேன், அது கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும்.”

“அதுக்கு விடை கொடுப்பீங்களா?”

“வாயே திறக்காததுக்கு என்ன விடை? கட்டத்துக்கெல்லாம் டாட்டா காட்ட எனக்கென்ன பைத்தியமா?”

ஹெப்சிபா மாவை உருட்டி ஈரத்துணியால் மூடினாள்.

“நாளைக்குச் சாயங்காலம் ஓர் அறை திறக்குது அக்கா. முகம் காட்டாம, பேர் போடாம, போய் உட்காருங்க.”

“பேசலாமா?”

“முடிஞ்சா பேசுங்க.”

“என்னால பேச முடியாதா? நான் கான்வென்ட்ல மதர் சுப்பீரியரையே எதிர்த்துப் பேசினவ!”

மறுநாள் மதுரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் போனால் அங்கே காலை வெயில்.

தென் அமெரிக்காவின் கடைக்கோடியில், எப்போதோ வேல்ஸிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் குடியிருக்கும் ஊர். இவான் என்ற மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் ஜன்னலில் ஒரு நெட்டிலிங்க மரம் போல ஏதோ ஒன்று, காற்றுக்கு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

திரையில் தன் கட்டத்தைப் பார்த்தாள் அமிர்தவல்லி. கறுப்பு.

“வாங்க,” என்றார் இவான், அந்தக் கறுப்பைப் பார்த்து.

அப்புறம் அந்த ஊரில் தேநீர் குடிக்கும் ஒரு சின்னச் சுரைக்குடுக்கையைத் தூக்கிக் காட்டினார். “இது குடுக்கை.” காத்திருந்தார். “இது இலை.” காத்திருந்தார். “இது வெந்நீர். இது என் கை.”

நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒருவர் உள்ளே வந்து உட்கார இடம் விட்டிருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியுமய்யா, என்று சொல்ல வாயெடுத்தாள் அமிர்தவல்லி. சரி, இந்த வாக்கியம் முடியட்டும் என்று இருந்தாள். அது முடிந்து அவர் பேச்சில் ஆறு வந்தது. ஆற்றுக்குப் பின்னால் அவர் அம்மா வந்தாள், ரொட்டி வந்தது, காற்று வந்தது. மதுரையில் யாரோ குக்கரை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள். அது வேறு ஏதோ கிரகத்தில்.

கடைசியில் இவான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேர் சொல்லாத நண்பருக்கு விடை. இந்த வீட்டில் இந்த மொழி பேச இப்போது யாரும் இல்லை. நீங்கள் வந்ததால்தான் ‘இலை’ என்று இன்றைக்கு வாய்விட்டுச் சொன்னேன். தியோல்க்.”

தியோல்க் என்றால் நன்றி. கற்க வரும் எவருக்கும் முதலில் வரும் சொல் அது. அமிர்தவல்லி அதை வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லுவாள்.

மியூட் பொத்தான்மேல் விரல் இருந்தது. அழுத்தினால் போதும். ஆனால் விரல் அப்படியே நின்றது. ‘ஒரு நாய்கூட’ என்று கத்திய இந்தக் குரலையா அவர் கேட்க வேண்டும்?

அறை மூடிவிட்டது.

ஹெப்சிபா கூப்பிட்டாள். அவள் கையில் சூடான ரொட்டி.

“நன்றி சொன்னீங்களா அக்கா?”

அமிர்தவல்லி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மியூட்டை எடுத்துட்டுப் பேசுங்க அக்கா.”

“எடுத்துத்தான் இருக்கு.”

ஹெப்சிபா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. அமிர்தவல்லி அறையைத் திறந்தாள். விடைபெறும் பேச்சை முந்தின வாரமே தயார் செய்து வைத்திருந்தாள். நல்ல காரமான பேச்சு.

யாரும் வரவில்லை. பிறகு அது வந்தது. கறுப்புக் கட்டம். எங்கிருந்தோ. பனி கொட்டும் ஊரோ, விடியாத ஊரோ.

“வாங்க,” என்றாள்.

பேச்சு மறந்துவிட்டது. கைக்கெட்டியதை எடுத்தாள்.

“இது டம்ளர்.” காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை; கால் ஆடியது. “இது காபி. ஆறிப்போச்சு. இது என் கை.”

அப்புறம் பேத்தியைப் பற்றிச் சொன்னாள். வைகையைப் பற்றி, அதில் தண்ணீர் வராததைப் பற்றி. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

மூடும் நேரம் வந்தது. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“பேர் சொல்லாத உங்களுக்கு விடை,” என்றாள். “தியோல்க்.”

கட்டம் அப்படியே இருந்தது. இவள் விரலும் அறையை மூடும் பொத்தானை அழுத்தவில்லை.

“அடுத்த வாரமும் வாங்க. என்ன?”