ரசம் வர்றதுக்குள்ள

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தா. அவளுக்கு ஒரு பையன், ரெண்டாங்கிளாஸ். நல்லாச் சிரிப்பான். ஆனா ஒரு இடத்துல உக்கார மாட்டான். டாக்டர் அதுக்கு ஆட்டிசம்னு ஒரு பேரு சொன்னார். சொந்தக்காரங்க அடங்காதவன்னு வேற பேரு வச்சாங்க. ம் சொல்லு செழியா.

"அங்க ஃபேன் இருக்கா அத்தை?"

இருக்கு. இனிமேத்தான் வரும்.

அப்புறம், மாமா வீட்ல காதுகுத்து. பந்தியில இலை போட்டு சோறு வச்சாங்க. அம்மா ஒரு வாய்தான் வச்சா. அதுக்குள்ள பையன் தடதடன்னு வாசலுக்கு ஓடிட்டான். ரோட்ல லாரி, பாம்ம்ம்னு. அம்மா எச்சில் கையோட பின்னாடியே ஓடினா. கூட்டிட்டு வந்து பாத்தா, இலையை எடுத்துட்டாங்க.

"ஃபேன்?"

அன்னிக்குக் கரண்ட் இல்ல.

அப்புறம் ஒரு வளைகாப்பு. மைக்செட் டமடமன்னு அலறுது. பையன் காதைப் பொத்திக்கிட்டு வீல்னு கத்தினான். அப்போ பக்கத்து இலைக்காரி சொன்னா, "ரெண்டு போட்டு வளத்திருந்தா இப்படி இருப்பானா?" அம்மா பாயசத்தைத் தொடாம அவனைத் தூக்கிட்டு நடந்துட்டா. அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் போகல. கொஞ்ச நாள்ல பத்திரிகை வர்றதும் நின்னுபோச்சு.

"ம்."

அடேயப்பா, வந்துருச்சா ஒரு ம்.

அப்புறம் அவ கூடப்பிறந்த தங்கச்சிக்கே கல்யாணம். போகாம இருக்க முடியுமா? பெரிய மண்டபம். உசரத்துல ஃபேன், கிர்ர்ர், கிர்ர்ர். பையன் அதுக்கு அடியில நின்னு அண்ணாந்து பாத்தான். அம்மா பக்கத்துலயே நின்னா. பந்திக்குக் கூப்பிட்டாங்க, போகல.

அப்போ மாப்பிள்ளை வீட்டுக்காரி ஒருத்தி வந்தா. வேதவல்லின்னு பேரு. "எம் பொண்ணும் இப்படித்தான். அவளுக்கு வாஷிங்மெஷின் சுத்துறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நீ போய்ச் சாப்பிடு, நான் இவன்கூட நிக்கிறேன்."

"ஓடிருவான்க்கா."

"ஓடினா நானும் ஓடுறேன். உடம்பாவது இளைக்கட்டும், போ."

"அவங்க அவன் கையைப் பிடிச்சாங்களா அத்தை?"

இல்லடா. அவளும் அண்ணாந்து ஃபேனைப் பாத்தா. அவ்வளவுதான்.

அம்மா இலை முன்னாடி உக்காந்தா. சோறு விழுந்துச்சு, சாம்பார் விழுந்துச்சு. கண்ணு மட்டும் ஃபேன் பக்கம். லபக் லபக்குனு முழுங்கினா. முழுங்கிட்டு இலையை மூடிட்டா.

பரிமாறுறவர் வாளியோட நின்னார். "என்னம்மா, ரசமே வரல, அதுக்குள்ள மூடிட்டீங்க?"

அவளுக்கே அப்பத்தான் தெரிஞ்சுது. யாரும் கூப்பிடல. யாரும் ஓடல. மெதுவாச் சாப்பிடுறது கைக்கு மறந்துபோயிருக்கு. மூடின இலையை மறுபடி திறக்க முடியுமா? எல்லாரும் ரசம் சாப்பிட்டு, பாயசம் சாப்பிட்டு, மோர் குடிச்சு எழுந்திரிக்கிற வரைக்கும் அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா.

"அப்புறம்?"

அப்புறம் ஒன்னுமில்ல.

"ஃபேன் சுத்துச்சா?"

சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அடுக்களையில ணங்னு கேட்டுச்சு பாத்தியா? உங்கம்மா நின்னுக்கிட்டே சாப்பிடுறாங்க. அண்ணி, தட்டை எடுத்துட்டுக் கீழ உக்காருங்க. இவன் எங்கயும் போகல, நான் இருக்கேன். ரசம் அடுப்பு மேலயே இருக்கு. ஊத்திக்கோங்க, மெதுவா.

நீ தூங்கலைன்னாலும் சரிடா. ரெண்டு பேரும் ஃபேனைப் பாப்போம். கதை இலையை மடிச்சாச்சு, கண்ணு தானா மூடட்டும்.