முகம் தெரியும் லாயத் தரை

முன்னொரு காலத்தில் நெடும்பாறை நாட்டைக் கடம்பவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவன் ஆண்டான் என்பதைவிட, அவனுக்குத் தோன்றியதையெல்லாம் நாடு தாங்கிக்கொண்டது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கடல் கடந்து வந்த வியாபாரியிடம் அவன் ஒரு குதிரை வாங்கினான். பவளம் என்று பேர் வைத்தான். ஆவாரங்காட்டுக் கிராமத்தில் இருந்த தன் பழைய பண்ணையில் அதைக் கட்டச் சொல்லி, ஒச்சப்பன் என்ற குதிரைக்காரனிடம் ஒப்படைத்தான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. "என் குதிரைக்குத் தக்க சாமான்கள் வேண்டும். பண்ணையும் அரண்மனைபோல மாற வேண்டும்" என்று அலங்கார அதிகாரி சிங்காரபூபதிக்கு உத்தரவு போட்டான்.

சிங்காரபூபதி ஒரு குதிரையின் பக்கத்தில்கூடப் போனது கிடையாது. ஆனாலும் தங்கக் கடிவாளம் வாங்கினார், ரத்தினம் இழைத்த சேணம் வாங்கினார், கொள்ளு வைக்க வெள்ளித் தொட்டி, மேலே பிடிக்கப் பட்டுக் குடை. லாயத்தின் மண்தரையைத் தோண்டி எறிந்துவிட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய கருங்கல்லைப் பதித்தார். ராஜா வந்து குனிந்து பார்த்தான். தரைக்குள்ளிருந்து இன்னொரு ராஜா அவனைப் பார்த்தான். பூரித்துப்போய், "கொழுந்தையாரே, பார்த்தீரா?" என்று மந்திரியைக் கேட்டான்.

"பார்த்தேன் மகாராஜா. பவளம் இன்னும் பார்க்கவில்லை" என்றார் மந்திரி கொழுந்தையார்.

இந்த மந்திரியைக் கண்டாலே சிங்காரபூபதிக்கு வயிறு எரியும். "மந்திரியாருக்கு எப்போதும் மாட்டுக்கொட்டகைதான் பிடிக்கும் பிரபு" என்று குத்தினார்.

ராஜா லாயத்துக்குள்ளேயே குதிரைமேல் ஏறினான். பவளம் சில அடிதான் வைத்தது. முன்கால்கள் ஆளுக்கொரு திசையில் போக, ராஜா அதன் தலைக்கு மேலே பறந்து குடை பிடித்து நின்றவன்மேல் போய் விழுந்தான். கிரீடம் உருண்டு, வெள்ளித் தொட்டியில் முட்டி நின்றது.

முதலில் வாய் திறந்தவர் சிங்காரபூபதி. "இந்தக் குதிரைக்காரன் அதற்குக் கள்ளு ஊற்றியிருக்கிறான் பிரபு. உங்களைக் கொல்லப் பார்த்திருக்கிறான்."

"சாமி, தரையில..." என்று ஆரம்பித்த ஒச்சப்பனை யாரும் பேச விடவில்லை. "நாளை உச்சிப்பொழுதில் இவனை யானைக் காலால் இடறவிடுங்கள்" என்று ராஜா சொல்லிவிட்டான். ஒரு குதிரை சறுக்கியதற்கு ஒரு மனுஷன் உயிரா என்று ஊர் திகைத்தது. அதை வாய்விட்டுக் கேட்கத்தான் ஆள் இல்லை.

கொழுந்தையார் சிறைக்குப் போய் ஒச்சப்பனிடம் பேசிவிட்டு, மறுநாள் காலை ராஜாவிடம் வந்தார்.

"மகாராஜா, தண்டனை சொல்லியாயிற்று. இவ்வளவு அழகான லாயம் கட்டியவருக்குப் பரிசு வேண்டாமா? அவர் போட்ட தரையிலேயே அவர் நடந்து வந்து, உங்கள் கையால் முத்துமாலை வாங்கிக்கொள்ளட்டும்."

ராஜாவுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. எல்லோரும் லாயத்தில் கூடினார்கள். ராஜா உட்கார்ந்த கோடியில் மட்டும் வைக்கோல் பரப்பியிருந்தது. மற்றதெல்லாம் வெறும் கல். மந்திரி ஒரு ஜோடிச் செருப்பை நீட்டினார். மேலே சரிகை வேலை, அடியில் இரும்பு லாடம்.

"இது எதற்கு?" சிங்காரபூபதிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"லாடம் அடித்த காலுக்காகத்தானே இந்தத் தரையைப் போட்டீர்கள். அப்படியே நடந்து காட்டினால் உங்கள் பெருமை இன்னும் கூடும்."

"போட்டுக்கொள்ளும்" என்றான் ராஜா.

சிங்காரபூபதி முதல் அடியை வைத்தார். இரண்டாவது அடியை அவர் வைக்கவில்லை, அதுவே போய்விட்டது. பட்டுக் குடையைப் பிடித்தார், அது கிழிந்து கையோடு வந்தது. மல்லாந்து விழுந்து, வைக்கோல் ஓரம்வரை வழுக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"நடக்கத் தெரியாத ஆள்" என்று ராஜா அந்தச் செருப்பைப் பிடுங்கித் தானே மாட்டிக்கொண்டு மிடுக்காக நடந்தான். "பாரும், எனக்கு வழுக்கவில்லையே?"

"நீங்கள் வைக்கோல்மேல் நடக்கிறீர்கள் மகாராஜா. ஒச்சப்பன் தினமும் பவளத்தின் காலடியில் இதைத்தான் பரப்பினான். தரையின் அழகு மறைகிறது என்று இவர் பெருக்கித் தள்ளச் சொல்லிவிட்டார்."

ராஜா வீம்புக்கு வெறும் கல்லில் ஒரு காலை வைத்தான். அது போன வேகத்தில் மந்திரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"பவளத்துக்குக் கட்டிக்கொள்ள ஒரு கழுத்தும் இல்லை மகாராஜா" என்றார் கொழுந்தையார் மெதுவாக.

அப்போது தூரத்தில் முரசு கேட்டது.

"அது என்ன?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் யானையைக் கொண்டுவருகிறார்கள். உச்சி ஆகப்போகிறது."

ஒச்சப்பன்மேல் தப்பில்லை என்பது ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் ஓடினால் எட்டாது. செருப்பை உதறிவிட்டு, வெளியே கட்டியிருந்த பவளத்திடம் பாய்ந்தான். ரத்தினச் சேணத்தில் எந்த வாரை எதில் மாட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதை வீசிவிட்டு, ஒரு சாக்கைப் பவளத்தின் முதுகில் போட்டு, கயிற்றையே கடிவாளமாகப் பிடித்து ஏறினான். ஏரிக்கரை மண்ணில் பவளம் பறந்தது. ஓர் இடத்தில்கூடக் கால் இடறவில்லை.

மைதானத்தில் யானை ஒச்சப்பனை நெருங்கிவிட்டது. "நிறுத்து" என்று ராஜா போட்ட கத்தலில் பாகன் அங்குசத்தைத் தவறவிட்டான். யானை நின்றது. ராஜா தானே இறங்கி வந்து ஒச்சப்பனின் கட்டுகளை அவிழ்த்தான்.

ஒச்சப்பன் ராஜாவைப் பார்க்கவில்லை. பவளத்தின் முன்காலைத் தடவிப் பார்த்தான். "நேத்து விழுந்ததுல இதுக்கு அடி ஏதும் படலியே சாமி?" என்று கேட்டான்.

ராஜா அந்தக் கேள்வியை யோசித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அத்தனை ஜனங்களுக்கு முன்னால் வெட்கத்தால் தலைகுனிந்தான்.

முத்துமாலை கொழுந்தையார் கழுத்துக்குப் போயிற்று. பண்ணையில் இனி ஒரு வாளி வாங்குவதானாலும் ஒச்சப்பனைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. சிங்காரபூபதிக்கும் ஒன்று கிடைத்தது: "அந்தக் கல் தரை இருக்கும்வரை லாயத்துக்குத் தண்ணீர் சுமக்க வேண்டியவர் நீர்தான். லாடச் செருப்போடு."

சிங்காரபூபதி ஊரெல்லாம் ஓடிக் கடப்பாரை கேட்டார். பொழுது சாய்வதற்குள் லாயம் மறுபடியும் மண்தரை ஆகிவிட்டது. முதல் கல்லைப் பெயர்த்தது அவரேதான்.