இருளாயி வைத்த பேர்

நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றினால் குற்றவாளி மாறிவிடுவான்.

முதலாவது, பேர். செவ்வூரணிக் கீழத்தெருவில் இருளாயிக்கு ஒரு மகன் பிறந்தான். களை பறித்துக்கொண்டிருந்தவளுக்கு வெயிலுகந்தம்மன் கோயில் மணி அடித்தபோது வலி எடுத்ததாம். அதனால் வெயிலுகந்தான் என்று பேர் வைத்தாள். அன்றைக்குப் பஞ்சாயத்து பிரசிடெண்டாக இருந்தவர் ஆள்விட்டுச் சொன்னார்: "எங்க அம்மன் பேரை அந்தத் தெருவுல வச்சா, நாளைக்கு அந்தப் பயலை நாங்க எப்படி வைய முடியும்? மாத்தச் சொல்லு." இருளாயி மாற்றவில்லை. மேலத்தெரு அந்தப் பேரைச் சொல்லவும் இல்லை. "ஏய்" என்றது. "அடேய்" என்றது. அதற்கே அவன் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது.

இரண்டாவது, பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் பையனின் பேரைக் கேட்டார். கேட்டுவிட்டுப் பிரசிடெண்ட் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். வேலு என்று எழுதினார். அந்த வேலுதான் பட்டாளம் வரைக்கும் போனான்.

மூன்றாவது, பேடா. முதல் விடுமுறையில் அவன் வடக்கேயிருந்து பேடா வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தான். மேலத்தெருவில் வாங்கிக்கொண்டார்கள். அவன் தலை மறைந்ததும் கழுநீர்த் தொட்டியில் போட்டார்கள். மாடு தின்றது. மறுநாள் டீக்கடையில் அவன் சிரித்துக்கொண்டே கேட்டானாம்: "நான் என்ன ரேங்க் வாங்கினா என் பேர் உங்க வாயில வரும்? சொல்லுங்க, பரீட்சை எழுதுறேன்."

நான்காவது, வண்டி. பனிமலை எல்லைச் சண்டையில் குண்டுபட்டுச் செத்தவனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறது, பிணம் மேலத்தெருவைத் தாண்டக் கூடாது என்றார்கள். பட்டாள வண்டி கண்மாய்க்கரையைச் சுற்றிப் போய்ச் சேற்றில் மாட்டியது. கூட வந்த சிப்பாய்கள் இறங்கித் தள்ளினார்கள்.

ஐந்தாவது, சுடுகாடு. அதிகாரி காகிதத்தைப் பார்த்து "வேலுவின் தாயார்" என்று வாசித்தார். இருளாயி எழுந்திருக்கவில்லை. "அது யாரோ" என்றாள். துக்கத்தில் சித்தம் கலங்கிவிட்டது என்று டிவிக்காரர்கள் சொன்னார்கள்.

ஆறாவது, கல். டிவியில் ஊர்ப் பேர் வந்த பிறகு மேலத்தெருவுக்கு அவன் "எங்க ஊர்ப் பிள்ளை" ஆகிவிட்டான். மந்தையில் கருங்கல் நட்டார்கள். அதில் வேலு என்று சிறிதாக வெட்டியிருந்தது. அதற்குக் கீழே "உபயம்" என்று போட்டு, இப்போதைய பிரசிடெண்ட் நல்லதம்பியின் பேர் பெரிதாக வெட்டியிருந்தது. நல்லதம்பி பழைய பிரசிடெண்டின் மகன்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்து இருளாயிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் சொன்ன பதில் இது:

"நான் வச்ச பேரைச் சொல்லி அவங்க வாயால கூப்பிட்டா வர்றேன். இல்லாட்டி எந்தக் கல்லையும் நான் பாக்க மாட்டேன்."

கருமாதியையும் அவள் நிறுத்திவைத்திருந்தாள். யாருக்குச் செய்வது, வேலுவுக்கா என்று கேட்டாள்.

இதையெல்லாம் கேட்டு வெகுண்டவர் முழக்கம் மருதன். ஒருகாலத்தில் கூலிப் போராட்டத்தில் சிறைக்குப் போய், அங்கே ஆசானிடம் எழுத்துக்கூட்டிப் படித்தவர். துண்டறிக்கைகள்தான் அவருக்குப் பாடப்புத்தகம். ஆசானும் அதே வழக்கில் உள்ளே இருந்தவர்தான். மருதனைவிட நாலைந்து வயது கூட. இப்போது கண்மாய்க்கரையில் ஓட்டுக்கொட்டகை போட்டுப் பூசணி பயிர் செய்துகொண்டிருந்தார். மேடை ஏறுவதை விட்டுவிட்டார். மருதன் விடவில்லை.

மருதன் வந்தபோது ஆசான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, கடப்பாரை தயார். ஆளும் தயார். விழாவுக்கு முன்னாடியே அந்தக் கல்லை உடைச்சிடவா?"

"கல்லு என்ன தப்புப் பண்ணுச்சு?"

"பேரைத் தப்பாச் சொல்லுது."

"கல்லா சொல்லுது? அதுக்கு வாய் இருக்கா?"

"விளையாடாதீங்க. இருளாயி பச்சத்தண்ணிகூட ஒழுங்காக் குடிக்கல. அந்த அம்மா கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அதை வாங்கிக் கொடுக்கலன்னா நம்ம இத்தனை வருசம் கொடி பிடிச்சது எதுக்கு?"

"சரி. நோட்டீஸ் அடிச்சிட்டியா?"

மருதனுக்கு முகம் மலர்ந்தது. "அடிக்காம இருப்பேனா? நேத்துச் சந்தையிலயே விட்டாச்சு. மேலத்தெருவுக்குள்ளயும் போயிருச்சு. பிரசிடெண்ட் படிச்சிட்டுச் சோறு திங்கலையாம்."

பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். இளஞ்சிவப்புத் தாள். ஆசான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வாய்விட்டு வாசித்தார்.

"ஆதிக்கச் செருக்கே, உன் ஆணவம் அடங்காதோ? உழைக்கும் மண்ணின் ஒப்பற்ற தவப்புதல்வனை இழிவுபடுத்தும் நல்லதம்பியே, நாவை அடக்கு! பனிமலையில் உறைந்த செங்குருதி உன்னைச் சும்மா விடாது! தியாகச் சுடருக்குத் தலை வணங்கு!"

முன்பக்கத்தை முடித்துப் பின்பக்கத்தையும் வாசித்தார். கடைசியில் பெரிய எழுத்தில் இருந்ததையும் விடவில்லை. "கண்டன உரை: முழக்கம் மருதன்."

"எப்படி?" என்றார் மருதன்.

"நல்லா இருக்கு. செத்தது யாரு?"

"என்ன ஆசானே?"

"உன் பேர் இருக்கு. அச்சகத்துப் பேர் இருக்கு. நல்லதம்பி பேர் நாலு இடத்துல இருக்கு. செத்தவன் பேரைக் காணோம். டார்ச் கொண்டுவரவா, தேடிப் பாக்க?"

மருதன் தாளைப் பிடுங்கினார். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார்.

"மரியாதைக்குரியவங்களைப் பேர் சொல்லி எழுதுறது நம்ம வழக்கம் இல்லையே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பட்டம் போட்டுத்தானே எழுதுவோம். உங்களையே நான் இத்தனை வருசத்துல ஒருநாளாவது பேர் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. அதுதான் எனக்கும் பயம். நான் செத்தா ஆசான்னு கல்லுல வெட்டிராத. மேல இருந்து எங்கம்மா தேடும்."

மருதன் சிரிக்கவில்லை.

"வெயிலுகந்தான்னு பேர் வச்ச பையனைக் கொண்டுபோய்ப் பனியில நிறுத்தியிருக்காங்க" என்றார் ஆசான். "அங்கயாவது யாராவது அப்படிக் கூப்பிட்டிருப்பாங்களா, என்னமோ." குடத்தை எடுத்து மிச்சத் தண்ணீரைக் கொடியின் வேரில் கவிழ்த்தார்.

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

"விழாவுக்கு வா. என் பக்கத்துல உக்காரு."

"மைக் கேக்கவா?"

"வேண்டாம்."

"கோஷம்?"

"நான் சொல்றப்போ போடு."

"எப்போ சொல்லுவீங்க?"

ஆசான் அடுத்த கொடிக்குப் போய்விட்டார்.

விழா அன்று மந்தையில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்லை வெள்ளைத் துணி மூடியிருந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஒரு மேஜர் வந்திருந்தார். வடக்கத்திக்காரர், மீசையில் நரை. அவர் மடியில் நீலப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் பதக்கம்.

முன்வரிசை நாற்காலிகளில் மேலத்தெரு. பின்னால் தரையில் கீழத்தெரு. ஓர் ஓரத்தில் ஆசானும் மருதனும். மருதன் கை வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அந்த மந்தையில் அவருக்கு மைக் கொடுத்ததில்லை. இன்றைக்கு அது நாலே எட்டில் இருந்தது.

இருளாயி வரவில்லை. வராமலும் இல்லை. சாலைக்கு அந்தப்புறம், கீழத்தெரு முனையில் அடிபம்பு மேடைமேல் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பந்தல் தெரியும். மைக் கேட்கும்.

மேஜர் எழுந்தார். "அம்மா எங்கே?" என்று தெரிந்த தமிழில் கேட்டார். "அம்மா கையால்தான் கல் திறக்கணும்."

பிரசிடெண்ட் நல்லதம்பி மைக்கைப் பிடித்தார். "அமரர் வேலு அவர்களின் தாயார் மேடைக்கு வரவும்."

இருளாயி பம்பின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழவிக்குக் காது கேக்கலையோ?" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும்" என்றாள் தரையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி. "உங்க வாய்க்குத்தான் என்ன கேடுன்னு தெரியல."

பின்னால் சிரிப்பு ஓடியது. நல்லதம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இராணுவ வீரரின் தாயார் அவர்கள் வரவும்."

அவள் அசையவில்லை.

"செவ்வூரணி ஈன்ற செம்மலின் தாயார் அவர்கள்."

அவள் முந்தானையை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

நல்லதம்பி முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை வைத்துவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். இளஞ்சிவப்புத் தாள். அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"உழைக்கும் மண்ணின் ஒப்பற்ற தவப்புதல்வனின் தாயார் அவர்களே! தியாகச் சுடரை ஈன்றெடுத்த..."

மருதன் பாதி எழுந்துவிட்டார். ஆசான் அவர் வேட்டி நுனியைப் பிடித்தார்.

"ஆசானே, அது என் எழுத்து!"

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

"திருட்டுப் பய!"

"திருடல. அவனுக்கு வேணும்கிறதை நீதான அடிச்சுக் கொடுத்த."

மருதன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தரையையே பார்த்தார்.

மைக்கில் தவப்புதல்வனும் செங்குருதியும் ஒருமுறை சுற்றிவந்து தீர்ந்துபோயின. நோட்டீஸில் வேறு பட்டம் இல்லை. அடிபம்பு மேடையில் ஒரு மாற்றமும் இல்லை.

மேஜர் பிரசிடெண்டின் தோளைத் தொட்டார். "என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார். பேர் சொல்லிக் கூப்பிடணுமாம்."

"யார் பேர்?"

"அந்தப் பையன் பேர்தான் சார். வீட்டுல வச்ச பேர்."

"சொல்லுங்க" என்றார் மேஜர். "பேர்தானே?"

நல்லதம்பி முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை அவரைப் பார்த்தது.

சாலைக்கு அந்தப்புறம் இருளாயி எழுந்தாள். பந்தலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

அதைப் பார்த்து மேஜர் நீலப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அம்மா இல்லாமல் நான் கொடுக்க மாட்டேன்" என்றார். ஜீப் டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார். மாவட்டத்து அதிகாரியும் செருப்பைத் தேடினார்.

"சார், சார், இருங்க சார்." நல்லதம்பி மைக்கை இரண்டு கையாலும் பற்றினார். அது ஒருமுறை கீச்சிட்டது.

"வெயிலு..." என்றார். நிறுத்தினார்.

இருளாயி நின்றாள். திரும்பவில்லை.

மருதனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. ஆசானின் காதருகே குனிந்தார். "வந்திருச்சு ஆசானே. இப்போ கோஷம் போடவா?"

"பொறு."

"இன்னும் எதுக்குப் பொறுக்கணும்?"

"பேர் இன்னும் முடியலய்யா" என்றார் ஆசான்.

மருதன் வாயை மூடிக்கொண்டார்.

"வெயிலுகந்தான்" என்றார் நல்லதம்பி.

இருளாயி திரும்பினாள். சாலையின் அந்த ஓரத்தில் நின்றபடியே கேட்டாள்.

"யாரு?"

அதைக் கேட்க அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. பந்தலின் கடைசிக் கால்வரை கேட்டது. முன்வரிசைக்குக் கேட்டது. தரைக்குக் கேட்டது. மேஜருக்கும் புரிந்தது.

நல்லதம்பி கையிலிருந்த இளஞ்சிவப்புத் தாளை மடித்துக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். இந்தமுறை நிறுத்தாமல் சொன்னார்:

"செவ்வூரணி, கீழத்தெரு, இருளாயி மகன், வெயிலுகந்தான்."