சென்னியப்பன் சுட்ட சர்க்கரையில்லாக் கேக்

புளியம்பாளையத்துச் சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தொன்று. குழந்தைவேல், நாச்சிமுத்து என்று இரண்டு தம்பிகள். மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இத்தனை புத்திசாலிகள் ஒரே வீட்டில் இருந்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் உள்ளே வரத் தைரியம் வரும்?

கடைசியில் பெருந்துறைத் தவமணி சம்மதிப்பாள் போலிருந்தது. டீச்சர், லீவு நாளில் வீட்டிலேயே கேக் சுட்டு விற்பவள். அவளுடைய அப்பா அர்த்தநாரி, வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று பொழுது விடிவதற்குள் ஊருக்கே வாட்ஸ்அப்பில் அறிவித்துவிடும் சமூக சேவகர். வெள்ளைச் சர்க்கரை இல்லாமல் மாப்பிள்ளை தன் கையால் ஒரு கேக் சுடட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள் தவமணி. செய்முறையை எழுதி, தன் பழைய ஓவன் ஒன்றையும் கொடுத்தனுப்பினாள்.

சென்னியப்பன் அந்தத் தாளை நாலு தரம் படித்தார். முத்து முத்தான கையெழுத்து. இதில் ஒரு எழுத்தைக்கூட மீறுவதில்லை என்று முடிவு செய்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதல் வரியிலேயே சிக்கல். 'ஆர்கானிக் நாட்டுச் சர்க்கரை ஒரு கப்.' எந்த நாடு என்று எழுதவில்லை. கரும்புக் காட்டுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மூவரும் ஒரு மத்தியானம் முழுக்க இதை ஆலோசித்தார்கள். சிங்கப்பூராகத்தான் இருக்கும், அங்கேதான் எல்லாம் சுத்தம் என்றான் நாச்சிமுத்து. கடைசியில் கடையில் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கம் 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்றிருந்ததைப் பார்த்துத்தான் மூவருக்கும் மூச்சு வந்தது.

அன்றைக்கென்று அர்த்தநாரி போன் செய்து, கடையில் எதை வாங்கினாலும் மூன்று தண்ணீரில் கழுவாமல் தொடாதீர்கள் என்று புத்திமதி சொன்னார். கழுவினார்கள். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் போயிற்று. மூன்றாவது தண்ணீரில் சல்லடை பளிச்சென்று இருந்தது. சர்க்கரையைத்தான் காணோம்.

"அண்ணா, ஒரு கிலோவும் அழுக்குங்க. நல்லவேளை, கழுவிப் பார்த்தோம்," என்றான் குழந்தைவேல்.

வரப்போகிற மாமனாரின் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிறைவோடு சென்னியப்பன் அடுத்த வரிக்குப் போனார். 'நாட்டுச் சர்க்கரை கிடைக்காவிட்டால் சீனித்துளசிப் பொடி, ஒரு சிட்டிகை.' நாச்சிமுத்து பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு கை துளசி பறித்துவந்தான். சர்க்கரைபோல இனிக்கும் சீனித்துளசிதானா என்று சோதிக்க, அதை எறும்புப் புற்றின் பக்கத்தில் வைத்துவிட்டு மூவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு எறும்பும் திரும்பிப் பார்க்கவில்லை. அர்த்தநாரியின் செய்தி எறும்புகள் வரைக்கும் போய்விட்டது என்று சென்னியப்பன் புரிந்துகொண்டார். துளசியைக் காயவைத்து இடித்துக்கொண்டார்கள்.

'ஓவனை முன்கூட்டியே சூடாக்கவும்' என்றிருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் அவர்கள் அசட்டையாக இருப்பவர்கள் அல்ல. சனிக்கிழமையே சூடாக்கி அணைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவைக் கலந்தார்கள். 'மாவுக்கு அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கவும்.' பாத்திரத்தைக் கட்டிலில் ஏற்றி, தலையணை வைத்து, போர்த்திவிட்டார்கள். நாச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறினான். அந்த நேரம் பார்த்து, வந்துகொண்டே இருக்கிறோம் என்று அர்த்தநாரி போனில் சத்தமாகச் சொன்னார். மெதுவாகப் பேசும்படி சென்னியப்பன் கேட்டுக்கொண்டார். உள்ளே ஓய்வில் இருக்கிறார்களாம்.

யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, அர்த்தநாரி வழியில் இறங்கி ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிவந்தார். கட்டிலருகே ஓசைப்படாமல் போய்ப் போர்வையை விலக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆப்பிளைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாவு ஓவனுக்குள் போனபிறகுதான் தவமணி கேட்டாள்.

"சுவிட்ச் போடலீங்களா?"

"நேத்தே போட்டாச்சுங்க," என்றார் சென்னியப்பன், அடக்கமாக.

நாற்பது நிமிஷம் கழித்து, தாளில் எழுதியிருந்தபடி பல்குச்சியால் குத்திப் பார்த்தார். குச்சியில் மாவு ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டதாக அர்த்தம். குச்சி முழுக்க மாவு. சென்னியப்பன் அதை வேட்டி நுனியில் நன்றாகத் துடைத்தார். இப்போது ஒட்டவில்லை. கேக் வெந்துவிட்டது என்று சபைக்கு அறிவித்தார்.

அர்த்தநாரி ஒரு கரண்டி பச்சைமாவை வாயில் போட்டு வெகுநேரம் சுவைத்தார். சர்க்கரை துளிகூட இல்லை என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசத்தை மகளே பார்த்ததில்லை.

தவமணி அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்க இதுவரைக்கும் பதினோரு பேர் வந்தாங்க. நான் எழுதினதை ஒழுங்காப் படிச்சவர் நீங்க ஒருத்தர்தானுங்க. ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் சமையல்கட்டுக்குள்ள நீங்க காலெடுத்து வெக்கக் கூடாது."

சென்னியப்பன் தலையாட்டினார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

வாக்கு வாக்குதான். இன்றைக்கும் சென்னியப்பனுக்குத் தாகம் எடுத்தால், தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் அவரைத் தூக்கிச் சமையல்கட்டுக்குள் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் நிதானமாக இரண்டு சொம்பு குடிக்கும்வரை கீழே இறக்குவதில்லை.