ரூட்டைல் பாதி அடியில் திரும்பிய கதை

குமரிக் கடலோரத்துத் தாது மணல் இன்னும் மணலாகாமல் பாறையாகவே கிடந்த அந்தக் காலத்தில், கற்கள் வாய் திறந்து பேசும். அந்தப் பாறைக்குள் ரூட்டைல் என்றொரு படிகம் இருந்தது. அதற்குள் எண்ணி மாளாத அறைகள். அறைக்கு நடுவில் ஒரு டைட்டானியம். அவனைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் பெண்கள். ஒவ்வொருத்தியும் மூன்று அறைகளுக்குப் பொது.

மின்புலம் வந்து கூப்பிட்டால் டைட்டானியங்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். அந்தச் சாய்வில்தான் படிகத்தின் பலமே இருந்தது. மின்புலம் போனதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

"யாரும் கூப்பிடாமலே சாய்ஞ்சு, திரும்பாம நின்னா என்னவே?" என்று முதலில் கேட்டவன் சாத்தன் என்ற டைட்டானியம். அப்படி நின்றால் பலம் அவர்களுக்கே சொந்தம். பேரியத்தோடு சேர்ந்து வேறு படிகத்துக்குக் குடிபோன பங்காளிகள் அப்படி நின்று காட்டியிருந்தார்கள்.

ஆனால் மேலே வெப்பம், அழுத்தம் என்று இரண்டு பண்ணையார்கள். வெப்பம் வந்தால் எல்லாரையும் ஆட்டிவைப்பான். ஆளுக்கொரு திசையில் குதிக்கிறவர்கள் எங்கே சேர்ந்து சாய்வது? அழுத்தம் சிரித்துக்கொண்டே சுவரை நெருக்குவான். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்" என்பான். நகர இடமிருக்காது.

ஒரு கடுங்குளிரில் இருவரும் விலகிப் போனார்கள். எல்லாரும் சேர்ந்து சாய்வோம் என்று சாத்தன் எல்லா அறைக்கும் சொல்லி அனுப்பினான். நேரம் வந்ததும் கிளம்பினான். பாதி அடி வைத்துக் காது கொடுத்தான். பக்கத்து அறையில் சத்தமே இல்லை.

"ஏ இசக்கி, வாறியாவே?"

"நீ போவே. போய்ச் சேந்ததும் பொறத்தாலயே வாறேன்."

"சேந்து போகணும்னுதானவே பேச்சு?"

"பேச்சுதான். அந்தப் பக்கம் மாடன் அசையலியே. அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளு."

மாடன் அடுத்தவனைக் கேட்டான். கேள்வி படிகத்தின் மறுமுனை வரைக்கும் போனது. பதில் வரவில்லை.

மூவருக்கும் பொதுவான ஆக்சிஜன் பேச்சி காறித் துப்பினாள். "அடுத்தவன் காலைப் பாத்துக்கிட்டு நிக்கதுக்கா இவ்வளவு வீறாப்பு? போறவன்னா போய்த் தொலையேன்!"

மிச்சம் பாதி அடிதான். அவன் போனால் பேச்சி நகர்வாள். அவள் நகர்ந்தால் இசக்கியும் மாடனும் நின்ற இடத்தில் நிற்க முடியாது. சாத்தனுக்கு இது தெரியும். தெரிந்தும், தனியாகப் போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நடுவுக்கே திரும்பினான்.

திரும்பியும் நிலைகொள்ளவில்லை. உடம்பு நடுங்கியது. எல்லா அறையிலும் அதே நடுக்கம். "குளிருதான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

வெப்பம் திரும்பி வந்தான். "என்னமோ கிளம்பப் போறதாக் கேள்விப்பட்டேன். எல்லாரும் இங்கதான் இருக்கியளா?" என்றான். அழுத்தம் சுவரை இன்னும் கொஞ்சம் நெருக்கினான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். ரூட்டைலைச் சூடாக்கினால் அது மின்புலத்துக்குச் சாய்வது குறைகிறது, அழுத்தினாலும் குறைகிறது. படித்தவர்கள் அந்தச் சாய்வுக்கு மின்காப்பு மாறிலி என்று பேர் வைத்து அளக்கிறார்கள். குளிரக் குளிர அந்த அளவு ஏறிக்கொண்டே போகும். இதோ, இந்தத் தடவை தானாகவே சாய்ந்துவிடும் என்று தோன்றும். சாய்வதில்லை. எவ்வளவு குளிரிலும் அது நடுவில் நின்று நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது.